குடும்பத்தோடு நாலைந்து வருடம் வெளிநாடு: விசா யார் பெயரில்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கணவருக்கு மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறார். "எங்கிருந்து வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. நீங்கள் நர்ஸ், பத்து வருடத்துக்கு மேல் அனுபவம். மகளுக்கு ஒன்பது வயது. நாலைந்து வருடம் வேறொரு நாட்டில் இருந்து பார்க்க ஆசை. போர்ச்சுகல், தாய்லாந்து, ஜப்பான், ஜெர்மனி என்று நான்கு பெயர்களை எழுதி, செலவு, பாதுகாப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே போகிற போக்கில் ஒரு வரி: "என் வேலையை இப்போதைக்கு விட்டுவிடலாம், அது பிரச்சினை இல்லை." நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே அந்த வரியால்தான்.

குடும்பங்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றிவிடுவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. விசா விண்ணப்பத்தில் ஆரம்பித்து வீடு, பள்ளி, வங்கிக் கணக்கு, கடைசியில் திரும்பும்போது எல்லாவற்றையும் மூடுவது வரை பார்ப்பேன். வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று நீங்கள் எழுதாததால் நான் சொல்வதில் சில விஷயங்கள் உங்களுக்கு மாறலாம். கீழே விசா, வரி, பள்ளி பற்றி வருவதெல்லாம் விதிகள். குடும்பங்களைப் பற்றி வருவது என் கணிப்பு, அவ்வளவுதான். அந்தக் கணிப்பு இது: பாதியில் திரும்புகிறவர்கள் விலைவாசியாலோ குளிராலோ திரும்புவது குறைவு. விசா ஒருவர் பெயரில் இருக்கும். மற்றவர் அவரைச் சார்ந்தவர் என்ற முத்திரையோடு, வேலைக்கும் போக முடியாமல், சொந்தமாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையின் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருப்பார். முதல் வருடம் எல்லாமே புதுசு, ஓடிவிடும். மூன்றாவது வருடம் வாக்கில் வீட்டுக்குள் புகைய ஆரம்பிக்கும். அதனால் எந்த நாட்டையும் மூன்றாவது வருடத்தை மனதில் வைத்துத்தான் பார்ப்பேன். அப்போது அங்கே சட்டப்படி இருக்க முடியுமா, இருவரும் என்ன செய்துகொண்டிருப்பீர்கள், மகள் எந்த வகுப்பில் எந்த மொழியில் படித்துக்கொண்டிருப்பாள்?

இந்தக் கேள்வியைப் போட்டதுமே ஜப்பான் கழன்றுவிடுகிறது. ரிமோட் வேலை செய்பவர்களுக்காக 2024 மார்ச்சில் வந்த விசா ஆறு மாதத்துக்குத்தான். நீட்டிக்க முடியாது. வருட வருமானம் 1 கோடி யென் இருக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வழக்கமாகத் தங்குபவர்களுக்குக் கொடுக்கும் வசிப்பு அட்டையும் இதில் கிடையாது. அது இல்லாமல் வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாமே இழுபறி. உள்ளூர் நிறுவனம் வேலை கொடுத்து அழைத்தால் கதை வேறு. உங்கள் நிலைமை அதுவல்ல.

தாய்லாந்து கொஞ்சம் தந்திரமானது. 2024 ஜூலையில் அறிமுகமான டிடிவி என்ற விசா ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் 180 நாள், 5 லட்சம் பாட் சேமிப்பைக் காட்ட வேண்டும், மனைவியையும் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் இது தங்க அனுமதி, வாழ அனுமதி இல்லை என்பேன். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யலாம், உள்ளூரில் கூடாது. அங்கே நர்ஸாக வேலை பார்க்க உள்ளூர் உரிமமும், அந்த மொழியில் வேலை செய்யும் அளவுக்குத் தேர்ச்சியும் வேண்டும். எத்தனை வருடம் இருந்தாலும் அந்த விசா உங்களை நிரந்தர வசிப்புக்குக் கொண்டுபோகாது. ஒரு வருடத்தில் 180 நாள் இருந்தாலே வரிக்கு அங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். 2024 முதல் வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் பணத்தையும் வரிக் கணக்கில் சேர்க்கிறார்கள். பழைய வீடியோக்களில் "வெளிநாட்டு வருமானத்துக்கு வரியே இல்லை" என்று சொல்வது இந்த மாற்றத்துக்கு முந்தைய சங்கதி. மகளுக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் வழி என்றால், நீங்கள் போட்ட செலவு மதிப்பெண்ணை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கும். ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு வர இது நல்ல இடம். ஐந்து வருடத்துக்கு உங்கள் மூவரில் கணவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

போர்ச்சுகல் நியாயமான போட்டியாளர். ரிமோட் வேலைக்கான டி8 விசா 2022 அக்டோபரில் வந்தது. அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 870 யூரோவாக இருந்தது, ஆக 3,480 யூரோ காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் இது ஏறும். குடும்பத்துக்கு அதற்கு மேல் காட்டச் சொல்வார்கள். முதலில் நாலு மாத விசா, அங்கே போனதும் இரண்டு வருட வசிப்பு அனுமதி, பிறகு மூன்று வருடம். உங்கள் கால அளவுக்குக் கச்சிதமாகத் தெரிகிறதா? இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் பழைய குடியேற்றத் துறையைக் கலைத்து அய்மா என்ற புது அமைப்பை உருவாக்கினார்கள். அது பிறக்கும்போதே லட்சக்கணக்கான நிலுவை விண்ணப்பங்களோடு பிறந்தது. அனுமதி அட்டை கைக்கு வரும் காலத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்கிற ஏஜென்ட்டை நம்பாதீர்கள். இன்னொன்று, குடும்பத்தைப் பின்னால் வரவழைக்கும் விதிகளை 2025இல் இறுக்கிவிட்டார்கள். கணவர் முன்னால் போய் வீடு பார்த்துவிட்டு உங்களை அழைப்பது என்ற திட்டம் இருந்தால், மூவரும் எப்படி, எப்போது விண்ணப்பிப்பது என்பதைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரிச் சலுகைக்காக அங்கே போனவர்கள் பேசும் பழைய திட்டம் 2024 முதல் புதிதாக வருபவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் வந்திருப்பது குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும்.

இப்போது ஜெர்மனி. உங்கள் பட்டியலில் அதற்குத்தான் மதிப்பெண் குறைவு. காரணமும் எழுதியிருக்கிறீர்கள்: ரிமோட் வேலைக்கு விசா இல்லை. அது சரிதான், வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர் மடிக்கணினியோடு வந்து குடியிருக்க அங்கே தனி விசா கிடையாது. ஆனால் கணவரின் வேலை வழியாகவே ஏன் உள்ளே போக வேண்டும்? உங்கள் வீட்டில் வெளிநாடுகள் தேடிக்கொண்டிருக்கும் தொழில் உங்களுடையது. விசா உங்கள் பெயரில் இருந்தால், நர்ஸாக நீங்கள் வேலை அனுமதி பெற்றபின் கூட வரும் துணைக்கு அங்கே எந்த வேலையும் செய்யும் உரிமை சட்டப்படியே உண்டு. கணவர் உள்ளே வரும் வழி அதுதான். திறன் பெற்ற தொழிலாளராக மூன்று வருடம் வேலை பார்த்து, ஓய்வூதிய நிதிக்குப் பங்களிப்புச் செலுத்தி, பி1 என்ற நடுத்தர அளவுக்கு ஜெர்மன் மொழியும் தெரிந்தால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாவது வருடம் உங்களுக்கு முடிவாக இல்லாமல் பிடிமானமாக அமையக்கூடிய நாடு இந்த நான்கில் இது ஒன்றுதான்.

எளிது என்று சொல்லமாட்டேன். நர்ஸ் வேலை அங்கே உரிமம் வேண்டிய தொழில். எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அந்த மாநில அதிகாரிகள் உங்கள் படிப்பை எடுத்து, எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எவ்வளவு பயிற்சி என்று வரிவரியாக ஒப்பிடுவார்கள். பெரும்பாலும் "இவை குறைகின்றன" என்று ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்துப் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அது நிராகரிப்பு இல்லை, வழக்கமான அடுத்த படி. குறைகிற பகுதிக்கு மருத்துவமனையில் பயிற்சிக் காலம் முடிக்கலாம், அல்லது தேர்வு எழுதலாம். அதுவரை உதவியாளர் நிலையில், குறைந்த சம்பளத்தில் வேலை. முழு உரிமத்துக்குப் பொதுவாக பி2, அதாவது பி1க்கு அடுத்த படி, மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து பி2க்கு வேலை பார்த்துக்கொண்டே ஒரு வருடத்தில் வருவது மிகக் கடினம். ஒன்றரை, இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணையாக வருபவருக்கும் சில பிரிவுகளில் அடிப்படை மொழிச் சான்று கேட்பார்கள், ஆகவே கணவரும் இப்போதே புத்தகத்தை எடுக்கலாம்.

ஜெர்மனியில் என்னை யோசிக்க வைப்பது உங்கள் மகளின் வயதுதான். பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததும், பத்து வயது வாக்கில், பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். பல்கலைக்கழகம் நோக்கிய பள்ளி ஒன்று, தொழில் நோக்கியவை வேறு. பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சூழலறிவு ஆகிய மூன்று பாடங்களின் சராசரியை வைத்தே முதல் வகைப் பள்ளிக்குத் தகுதியா என்று முடிவு செய்கிறார்கள். மொழியே தெரியாமல் அந்த வருடத்தில் போய் இறங்கும் பிள்ளைக்கு அது அநியாயமான ஓட்டப்பந்தயம். பல மாநிலங்களில் பெற்றோரின் விருப்பத்துக்கு இடமுண்டு, பிரிக்காமல் எல்லோரையும் சேர்த்து நடத்தும் பள்ளிகளும் உண்டு, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி வகுப்புகளும் இருக்கின்றன. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப்பள்ளி ஆறு வருடம். நீங்கள் இன்று ஆரம்பித்தாலும் போய்ச் சேரும்போது அவளுக்குப் பத்தரை, பதினொன்று ஆகியிருக்கும். அதனால் எந்த மருத்துவமனை என்று தேடுவதற்கு முன் எந்த மாநிலம் என்று முடிவு செய்யுங்கள், அதுவும் மகளின் பள்ளியை வைத்து. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் அங்கே அதற்கு அனுமதி இல்லை. போர்ச்சுகலில் இப்படிச் சின்ன வயதில் பிரிப்பதில்லை, பத்தாம் வகுப்பில்தான் பாதைகள் பிரிகின்றன. மகளை மட்டும் வைத்துப் பார்த்தால் போர்ச்சுகல் முன்னால் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கணவரின் நிறுவனம். "எங்கிருந்து வேண்டுமானாலும்" என்று சொன்னது யார்? மேலாளரா, மனிதவளத் துறையா, சட்டத் துறையா? மேலாளர் என்றால் அந்த வாக்குக்கு அதிக மதிப்பில்லை. ஒரு ஊழியர் வேறொரு நாட்டில் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தால், சம்பளத்துக்கு அந்த நாட்டில் வரி, சமூகக் காப்பீட்டில் முதலாளியின் பங்கு, அங்குள்ள தொழிலாளர் சட்டம் எல்லாம் வரும். அவர் செய்யும் வேலையைப் பொறுத்து, நிறுவனத்துக்கே அந்த நாட்டில் ஒரு தொழிலிடம் இருப்பதாகக் கருதி நிறுவன வரி கேட்கவும் இடமுண்டு. வாடிக்கையாளர்களின் தரவை நாட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் பேச்சே முடிந்தது. இரண்டு மாதம் என்றால் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். நாலு வருடத்துக்கு அது நடக்காது. எந்த நாடு, எத்தனை வருடம், சம்பளம் எந்த நாட்டில் போடப்படும் என்று மூன்றையும் குறிப்பிட்டு எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். ஊழியரைப் பெயருக்கு வேலைக்கு எடுத்துச் சம்பளம் போட்டுக்கொடுக்கும் இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. பல சமயம் அதுதான் தீர்வாக முடிகிறது, செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேரம்.

வரியில் எல்லோரும், வருடத்தில் 183 நாள் தங்கினால்தான் அந்த நாட்டு வரி என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். 182 நாளில் கிளம்பிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பது தவறு. போர்ச்சுகலில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் ஒரு வீடு இருந்தாலே போதும், நாள் கணக்கு பார்க்க மாட்டார்கள். இரண்டு நாடுகளும் உங்களைத் தங்கள் வரிக்குள் இழுத்தால், அவற்றுக்கிடையே ஒப்பந்தம் இருக்கும்பட்சத்தில், நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பொருளாதாரத் தொடர்பும் எங்கே, வழக்கமாக எங்கே இருக்கிறீர்கள், கடைசியாகக் குடியுரிமை எது என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கிளம்பும் நாட்டில் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் போவதா, வாடகைக்கு விடுவதா என்பதுகூட இந்தக் கணக்கில் சேரும். இதற்கு மட்டும் இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டருக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள். என் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விலைவாசி, தட்பவெப்பம் பற்றி நீங்கள் நிறையச் சேகரித்திருக்கிறீர்கள், நான் அதிகம் சேர்க்கப்போவதில்லை. விலைப் பட்டியல் இன்றைய நாணய மாற்று விகிதத்தில் எழுதப்பட்டது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 105 யென் அளவில் இருந்தது, 2024 நடுவில் 160ஐத் தொட்டது. சம்பளம் ஒரு நாணயத்திலும் வாடகை இன்னொன்றிலும் இருந்தால் இப்படி ஒரு ஆட்டம் உங்களுக்கு எதிராகவும் வரும். தட்பவெப்பத்துக்கு ஒரே யோசனை: அந்த ஊரின் மோசமான மாதத்தில் இரண்டு வாரம் போய் இருந்து பாருங்கள். லிஸ்பனில் பல பழைய வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, ஜனவரியில் சுவர் ஈரம் கோத்துக்கொள்ளும். மே மாதம் போனவருக்கு இது தெரியாது.

விசாவை உங்கள் பெயருக்கு மாற்றி யோசித்தால் பட்டியலே விரிகிறது. அயர்லாந்தில் நர்ஸ் வேலை அத்தியாவசியத் திறன் அனுமதியின் கீழ் வருகிறது. துணை தனி அனுமதி இல்லாமலே வேலை செய்யலாம், பொதுவாக இரண்டு வருடத்தில் முதலாளியோடு கட்டிப்போடும் அனுமதியிலிருந்து விடுபடலாம். பள்ளியும் ஆங்கிலத்தில். வீடு கிடைப்பதுதான் பெரும் தலைவலி, அதுவும் டப்ளினில். நியூசிலாந்து 2022 டிசம்பரில் நர்ஸ்களை நேரடியாக நிரந்தர வசிப்பு பெறக்கூடிய தொழில்களில் சேர்த்தது, விண்ணப்பத்தில் கணவரையும் மகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் நிறையப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கையில் வேலை உறுதி இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவுக்கு வயது, படிப்பு, அனுபவத்துக்குப் புள்ளி போட்டு அழைக்கும் முறையில் போவதென்றால் 45 வயதுக்குள் அழைப்பு வந்திருக்க வேண்டும். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை.

"வேலையை இப்போதைக்கு விட்டுவிடலாம்" என்ற வரிக்கு வருகிறேன். நர்ஸ் பதிவு என்பது ஒருமுறை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வது இல்லை. சமீபத்தில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்று ஏறக்குறைய எல்லா நாட்டுப் பதிவு அமைப்புகளும் கேட்கும். பிரிட்டனில் பதிவைப் புதுப்பிக்க மூன்று வருடத்தில் 450 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். தாய்லாந்திலோ போர்ச்சுகலிலோ நாலைந்து வருடம் வேலை இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பினால், இழப்பது அந்த வருடங்களின் சம்பளம் மட்டும் இல்லை, மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு என்று நிற்க வேண்டி வரலாம். தெரிந்தே விடுகிறீர்கள் என்றால் சரி, அது உங்கள் முடிவு. விலை தெரியாமல் விடாதீர்கள்.

ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தால், நாலைந்து வருடம் என்ற கணக்கில் ஒரு கூர்மையான கோடு இருக்கிறது. அங்கே ஓய்வூதியம் பெற 60 மாதம் பங்களிப்பு வேண்டும். அதற்கு முன் ஐரோப்பாவை விட்டுப் போனால், பல நாட்டினர் இரண்டு வருடம் காத்திருந்து தங்கள் பங்கைத் திருப்பி வாங்கலாம், முதலாளியின் பங்கு வராது. 60ஐத் தாண்டிவிட்டால், பாஸ்போர்ட்டைப் பொறுத்து, பணம் திரும்பாமல் வயதானபின் ஓய்வூதியமாக மட்டும் வரலாம். 58ஆவது மாதத்தில் விமான டிக்கெட் போடுவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த மாதம் இரண்டு காரியம் செய்வேன். படித்த கல்லூரியிலிருந்து பாடவாரியாக மணி நேரம் குறித்த சான்றை முத்திரையோடு கேட்டு எழுதுவேன். எல்லா நாட்டுக்கும் அது வேண்டும், கல்லூரிகள் அதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் தூதரகங்களைவிட அதிகம். கணவரை நிறுவனத்தின் சட்டத் துறைக்கு எழுதச் சொல்வேன். அங்கிருந்து "முடியாது" என்று வந்தால் போர்ச்சுகலும் தாய்லாந்தும் தானாகவே விழுந்துவிடும். "முடியும்" என்று வந்தால் அயர்லாந்தா போர்ச்சுகலா என்பதுதான் உண்மையான போட்டி. மொழிக்கு இரண்டு வருடம் ஒதுக்க நீங்கள் தயார் என்றால் பெர்லினும் சேரும். மூன்றில் என்னைக் கேட்டால் அயர்லாந்து, வீட்டு வாடகையைத் தாங்க முடியுமானால். உங்கள் வயது, பாஸ்போர்ட், சட்டத் துறையின் பதில் மூன்றையும் எழுதுங்கள், இதில் எதெல்லாம் மாறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.